கிழக்கே காவிரி ஆறு

நான் பத்திர எழுத்தர். மேட்டூர் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் என் கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார வாசலில் ஒரு பெஞ்சு. கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் எல்லாம் எழுதுவேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். அவர் முத்திரைத்தாளில் மசிப் பேனாவால் எழுதினார், நான் டைப் அடிக்கிறேன்.

இப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துக் கதை. மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் ஒரு காலம், 2023, 2024 என்று இன்னொரு காலம். கதை இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வரும். பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. எழுத எழுத எனக்குள் உறுதிப்பட்ட ஒன்றை இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அன்றும் இன்றும் மாறி மாறி வரும் குடும்பக் கதைகள் என்றால் எனக்கு உயிர். பத்திரிகைகளில் தொடராக வந்த காலத்தில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். ஆனால் காலம் மாறுகிற இடம் வரும்போது மனசு ஒட்டாது. ஊஞ்சல் தானாக ஆடும். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். பாட்டி கண்ணை மூடினால் ஐம்பது வருஷம் பின்னால் போயிருப்போம். யாரும் எதற்காகவும் போவதில்லை. நினைவு வருகிறது, போகிறார்கள். என் கடைப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் அப்படிப் பழசுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

முக்கால் ஏக்கரை விற்க ஒருவர் வருவார். மூலப் பத்திரம் எங்கே என்று கேட்பேன். பத்திரம் தாத்தா பேரில் இருக்கும். தாத்தாவுக்கு வாரிசு யார் யார்? நாலு பேர் என்பார். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு பெயர் வரும். இது யாருங்க என்று கேட்டதும் கூட வந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இரண்டாம் கல்யாணம் இருக்கும், கோயிலில் அடித்த ஒரு சத்தியம் இருக்கும், இருபது வருஷமாகப் பேசாத ஒரு தங்கச்சி இருப்பார். இன்றைக்கு விற்க வேண்டும், அதற்கு ஒரு கையெழுத்து குறைகிறது. அதனால்தான் அன்றைக்குப் போகிறார்கள். என் நாவலிலும் காலம் அப்படித்தான் பின்னால் போகிறது. யாரும் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது மட்டும் 1934 திறக்கிறது.

ஏன் 1934 என்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வேலை 1925 ஜூலையில் தொடங்கி 1934இல் முடிந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார். அவர் பேரில்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம். எஞ்சினியர் கர்னல் எல்லிஸ். உபரித் தண்ணீர் போகும் பதினாறு கண் பாலத்து மதகுக்கு அவர் பெயர். நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி., சுமார் 59 சதுர மைலுக்குத் தண்ணீர். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்த 59 சதுர மைலுக்குள் நாயம்பாடி மாதிரி ஊர்கள் இருந்தன என்பது வீட்டில் தெரிந்துகொண்டது. சனங்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரம் முதலில் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. எழுபது அடிக்குக் கீழே போய்விட்டால் நந்தி முழுசாக வெளியே இருக்கும், சேலத்திலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு பார்க்க வருவார்கள்.

எங்கள் அப்பாயி அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஊரில் பிறந்தவள். 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது அவள் கைக்குழந்தை. “என்னையக் கூடையில வெச்சுத் தலையில தூக்கிட்டுப் போனாங்களாம்” என்பாள். பத்து வயசில் ஊரைவிட்டு ஏறினாள். வீட்டுக்கு ஒற்றைப் பெண். சர்க்கார் கொடுத்த பணத்தில் அவளுடைய அப்பா கொளத்தூர்ப் பக்கம் மேட்டுக்காடு வாங்கினார். பிற்பாடு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த எங்கள் தாத்தா பேருக்கு அதை எழுதிவைத்தார். ஊர்ப் பெயரை நாவலில் மாற்றியிருக்கிறேன், இங்கேயும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்பா அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவரில்லை. அவர் பிறந்தது மேட்டில், ஊர் மூழ்கி வருஷங்கள் கழித்து. ஆனால் ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் வாய் ஓயாது. ஆற்றோரம் மாந்தோப்பு, கைவிட்டு அள்ளுகிற தூரத்தில் கிணற்றுத் தண்ணீர், கோயில் தேர், வருஷம் முச்சூடும் நெல்லுச்சோறு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக வாயைப் பிளந்து கேட்போம். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கும் அப்பாயி தலையைத் தூக்காமல் சொல்வாள்:

“மாமரமா? ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் பக்கத்து வூட்டுக்காரனுது.”

“அம்மா, நீ சின்னப் புள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது.”

“நீ பொறக்கவே இல்லையேடா.”

இந்த மூன்று வரிகளை நாவலில் அப்படியே வைத்திருக்கிறேன். என் நாவல் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. அங்கே வாழ்ந்தவளுக்கு ஏக்கம் இல்லை. பார்க்காதவருக்குத்தான் அத்தனை ஏக்கமும். அப்பாயிக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் வேலையும் கணக்கும். எந்தக் காட்டில் எத்தனை வள்ளம் விளைந்தது, யார் கூலி பாக்கி வைத்தார், ஊரைக் காலி பண்ணும்போது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள். வீட்டு நெலவை, அதாவது வாசற்காலை, பேர்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மேட்டு வீட்டுக்கு வைத்தார்கள். பழைய வீட்டு நெலவு கொஞ்சம் குட்டை. புது வீட்டில் நுழைகிற எல்லாரும் குனிந்துதான் நுழைய வேண்டும். என் அம்மா கல்யாணமாகி வந்த அன்றைக்கே நெற்றியில் இடித்துக்கொண்டாராம். உரலை எடுக்க முடியவில்லை, வண்டியில் இடமில்லை. “அம்மா உரல விட்டுட்டு வந்ததுக்குத்தான் அளுதா. ஊருக்கு அளுவுல” என்று அப்பாயி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா ஏன் அப்படி ஏங்கினார் என்பதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் மேட்டுக்காட்டில் நின்றால் அணைத் தண்ணீர் கடல் மாதிரி தெரியும். ஆனால் அதில் ஒரு சொட்டு எங்களுக்கு இல்லை. அது டெல்டாவுக்கான தண்ணீர். ஜூன் 12 வந்தால் திறந்துவிட்டு, சுமார் 16 லட்சம் ஏக்கருக்குப் போக வேண்டியது. இந்தப் பக்கம் கொளத்தூர், மேச்சேரி எல்லாம் வானம் பார்த்த பூமி. உபரி நீரை ஏற்றி சேலம் மாவட்டத்தில் 100 ஏரிகளை நிரப்பும் திட்டமே மிகச் சமீபத்தில்தான் வந்தது. அப்பாவின் காலமெல்லாம் ஆழ்கிணற்றைத் தூர்வாரித் தூர்வாரிக் கழிந்தது. வெடி வைத்து இறக்கினால் ஒரு கோடைக்குத் தாங்கும். கண்ணுக்கு எதிரில் அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு சோளத்தட்டு காய்வதைப் பார்த்த மனுஷனுக்கு, அந்தத் தண்ணீருக்கு அடியில் நமக்கென்று ஒரு மாந்தோப்பு இருந்தே ஆக வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு இல்லாததையெல்லாம் அங்கே கொண்டுபோய் நட்டுவைத்தார். நாவலில் அப்பா பாத்திரத்தை எழுதும்போது அந்தத் தோப்பை நான் கலைக்கவில்லை. அவர் வாயில் அது தோப்பாகவே இருக்கும். அப்பாயி பேசும் அத்தியாயத்தில் இரண்டு மரம். வாசகர் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

கதையின் முடிச்சு மாந்தோப்பில் இல்லை. அத்தையிடம் இருக்கிறது.

அப்பாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர். 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாயிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. சட்டத்தில் இது அன்றிலிருந்தே இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் பெண்களின் பங்கை யாரும் பேச்சுக்குக்கூட எடுத்ததில்லை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது. அன்றைய தேதிக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்குத்தான் அது. 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு எல்லாப் பெண்களுக்கும் என்று ஆனதும்தான் ஊரே முழித்துக்கொண்டது. அப்போது என் கடையில் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் குவிந்த மாதிரி அதற்கு முன்னால் குவிந்ததில்லை. அக்கா தங்கச்சிகளை வண்டி வைத்துக் கூட்டிவருவார்கள். கையெழுத்து, கைரேகை, மதியம் பிரியாணி, ஒரு பட்டுப் புடவை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பெண்களில் பலர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. நானாகவே ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

2007இல் எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து அத்தையிடம் கேட்டார்கள். அப்பாயி தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டாள். அத்தை உடனே சரி என்றார். “கையெழுத்துப் போடறேன். எனக்குப் பணம் வேண்டாம், பொடவ வேண்டாம். தண்ணிக்குள்ள கெடக்குதே அம்மாவோட காடு, அத எனக்குன்னு எழுதிக் குடுங்க.”

பெரியப்பா சிரித்தார். அப்பா என்னைப் பார்த்தார். அது அரசாங்க இடம், ஈடு கொடுத்து எடுத்துக்கொண்டது, பத்திரத்தில் ஏறாது என்று சொன்னேன். “பத்தரத்துல ஏறலன்னா வெள்ளத்தாள்ல எழுது கண்ணு. எனக்கு சர்க்கார் முத்திரை வேண்டாம். எங்கண்ணனுங்க கையெழுத்து இருந்தாப் போதும்” என்றார் அத்தை.

அன்றைக்கு ராத்திரி நெலவுக்குப் பக்கத்தில் அப்பாயியை உட்கார வைத்து நான் எழுதினேன். சொத்து விவரம் எழுதினால் செக்குபந்தி வேண்டும், நாலு பக்கத்துக்கும் எல்லை. எழுபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், பத்து வயசில் விட்டுவந்த காட்டுக்கு எல்லை கேட்கிறேன். அப்பாயி யோசிக்கவே இல்லை. கையை நாலு பக்கமும் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

“கெழக்கால ஆறு. மேக்கால ஒரு பாறை, எரும படுத்தாப்பல இருக்கும். வடக்கால கோயலுக்குப் போற தடம். தெக்கால புளியமரம், மரம் நம்முளுது, அதுக்கு அங்கிட்டு எங்க சித்தப்பன் காடு. மரத்த சேத்து எழுது. காய் அவன் பொறுக்கிக்குவான்.”

எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். “ரெண்டு ஏரு பூட்டுனா பொளுதுக்கும் ஓட்டோணும்” என்றாள். அதையும் அப்படியே எழுதினேன். இதற்குச் செக்குபந்தி: கிழக்கே காவிரி ஆறு, மேற்கே எருமைப்பாறை, வடக்கே கோயிலுக்குப் போகும் தடம், தெற்கே புளியமரம் உட்பட சித்தப்பா காடு. இதன் மத்தியில் இரண்டு ஏர் ஒரு நாள் உழும் அளவுள்ள புஞ்சை. பெரியப்பாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீருக்குள் இருப்பதற்கு என்ன சண்டை என்று இருவருக்கும் நினைப்பு. அத்தை தாளை நாலாக மடித்து மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் பதிவு அலுவலகம் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அத்தை ஏன் அதைக் கேட்டார் என்று நாவலில் யாரும் விளக்க மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன். எங்களிடம் இருந்த மண் அத்தனையும் ஒரு பெண்ணின் வழியாக வந்தது. மேட்டுக்காட்டை வாங்கிய பணம் அப்பாயி பிறந்த வீட்டுக் காட்டுக்கான பணம். அது மாப்பிள்ளை பேருக்குப் போய், அங்கிருந்து மகன்கள் பேருக்குப் போனது. அப்பாயி பேர் ஒரு தாளிலும் இல்லை. அத்தை கேட்டது அந்தப் பேர் இருந்த கடைசி இடத்தை.

இனி நாவலின் அமைப்பு. அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைக்கவில்லை, அணையின் நீர்மட்டத்தைத்தான் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. நிகழ்காலக் கதை 103 அடியில் தொடங்குகிறது. 2023 ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் திறந்தபோது அந்த அளவுதான் இருந்தது. அந்த வருஷம் கர்நாடகத்தில் மழை பொய்த்து, வரத்து இல்லாமல், அக்டோபரில் முப்பது அடியை ஒட்டி வந்து அணையை மூட வேண்டியதாயிற்று. மட்டம் இறங்க இறங்கக் கதை பழசுக்குள் இறங்கும். கோபுரம் தெரிகிற மட்டத்தில் 1934. நந்தி தெரிகிற மட்டத்தில் அணை வேலைக்கு ஊர் ஆட்கள் கூலிக்குப் போன வருஷங்கள். அதற்கும் கீழே 1924இன் வெள்ளம். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மைசூருக்கும் சென்னைக்கும் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்பாயியைக் கூடையில் சுமந்துகொண்டு ஓடியவர்களுக்கு, இந்த ஊருக்கே நாள் குறித்தாயிற்று என்று தெரியாது. தண்ணீர் ஏறினால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. அணை நிறைந்திருக்கும் அத்தியாயங்களில் பழைய காலம் ஒரு வரிகூட வராது.

இந்த நீர்மட்டக் கணக்கு எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்களுக்கு ஊர் தெரிகிற வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை காய்கிற வருஷம். நாவலில் பேத்தி ஒருத்தி மன்னார்குடிப் பக்கம் கல்யாணமாகிப் போனவள், நர்ஸ். அவளும் அவள் அம்மாவும் தினமும் போனில் பேசுவார்கள். அம்மா “அறுபதுக்கு வந்துருச்சு, கோயில் தடம் தெரியுது” என்று சந்தோஷமாகச் சொல்வாள். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாமனார் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டாரை இன்னும் இறக்கியதைச் சொல்வாள். இருவரும் ஒரே எண்ணைத்தான் பேப்பரில் பார்க்கிறார்கள். குடும்பத்துக்குள் இதைவிடப் பெரிய சண்டையை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

2024 மார்ச் வாக்கில் எங்கள் காடு வெளியே வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் எழுபதை ஒட்டி ஏறியிருந்த தண்ணீர் மறுபடி இறங்கியிருந்தது. அணைப் படுகையில் தண்ணீர் வற்றினால் சனங்கள் இறங்கி உழுவது எப்போதும் நடப்பதுதான். ராகி, சோளம், எள், கடலை என்று வண்டலில் எரு போடாமலே விளையும். யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் யாருடைய பாட்டன் காடு எது என்று ஊருக்குள் ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் அதை மதிப்பார்கள்.

அப்போது அப்பாயியும் இல்லை, அப்பாவும் இல்லை. கிணற்று முறைத் தண்ணீர்த் தகராறில் பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. என் தம்பி வடக்கேயிருந்து டிராக்டரை விட்டான். பெரியப்பா மகன் தெற்கேயிருந்து விட்டார். நடுவில் இரண்டு கலப்பையும் முட்டிக்கொண்டு நின்றன. யாரோ எனக்குப் போன் செய்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

நான் முதல் முறையாக அந்த மண்ணில் கால் வைத்தேன். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது, வெடிப்புக்குள் கை விட்டால் ஈரம். மீன் வலையின் கிழிசல், சிப்பி, நத்தைக்கூடு. மேற்கே பாறை இருந்தது. எருமை படுத்த மாதிரியேதான் இருந்தது, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து. புளியமரம் இல்லை. உழுத சாலில் ஒரு வேர்க்கட்டை மட்டும் கலப்பைக் கொழுவில் சிக்கியிருந்தது, புளியா வேறு மரமா என்று சொல்லத் தெரியவில்லை. கிழக்கே, அத்தனை அகலத் தண்ணீரும் போய், ஆறு தன் பழைய தடத்தில் ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் நாகமரை. பரிசல்காரர் ஒருவர் கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபது வயசைத் தாண்டியவர், அந்த வெடிப்பில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்து வந்தார். மஞ்சப் பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “படி கண்ணு, சத்தமா.”

பாறைக்குப் பக்கத்தில் நின்று செக்குபந்தியைப் படித்தேன். கிழக்கே காவிரி ஆறு என்றதும் பெரியப்பா மகன் திரும்பி ஆற்றைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். அடியில் அவர்களுடைய அப்பாக்களின் கையெழுத்தை இருவரும் குனிந்து பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்காதவர்கள் அப்போது ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை.

“ரெண்டு பேரும் உழுங்க. எனக்கு ஏரு புடிக்க முடியாது,” என்றார் அத்தை. “ஆனா இது குத்தகை. வெளைஞ்சதும் ஆளுக்கு ஒரு மூட்டை ராகி எனக்கு அளக்கோணும். யாரு காடுன்னு கேட்டா எம் பேரச் சொல்லோணும்.”

சித்திரை மழைக்கு ராகி விதைத்தார்கள். நடுவில் ஒரு வரப்பு எடுத்துக்கொண்டு, வடக்குப் பாதி எங்களுடையது, தெற்குப் பாதி அவர்களுடையது.

இதையெல்லாம் நாவலில் எப்படி எழுதுவது என்று ரொம்ப யோசித்தேன். பழைய அத்தியாயங்களை அப்பாயியின் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். அவள் சொன்ன ஒழுங்கில், அவள் விட்ட இடைவெளியோடு. எங்கும் வர்ணனை வராது, ஏனென்றால் அவள் எதையும் வர்ணித்ததில்லை. நிகழ்கால அத்தியாயங்கள் நான் பத்திரம் எழுதுகிற தமிழில்: யார், எந்தத் தேதி, என்ன கொடுத்தார், என்ன வாங்கினார். படித்துப் பார்த்த தோழி ஒருத்தி, பழைய பகுதி இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கலாமே, வாசிக்கிறவர்களுக்கு ஏக்கம் வர வேண்டாமா என்று கேட்டாள். அந்த அழகைப் போட எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடம். ஆனால் அதைப் போட்டால் அப்பாயி வாயை நான் அடைத்தவளாவேன். அவள் உயிரோடிருந்தவரை எல்லாரும் அதைத்தான் செய்தோம். மாந்தோப்புக் கதையைக் கேட்க வாயைப் பிளந்தோம், உரலைப் பற்றி அவள் சொன்னபோது தட்டைக் கழுவ எழுந்து போனோம்.

இன்னொன்றிலும் உறுதியாக இருக்கிறேன். வெள்ளம் வந்து குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற முடிவை எழுத மாட்டேன். 2024 ஜூலை நடுவில் மேட்டூர் ஐம்பது அடிக்குக் கீழே இருந்தது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறைந்து உபரியைத் திறந்தார்கள். லட்சம் கன அடிக்கு மேல் வரத்து. ஒரு நாளைக்குப் பல அடி ஏறியது. ஜூலை 28 அன்று டெல்டாவுக்குத் திறந்தார்கள், 30ஆம் தேதி அணை 120ஐத் தொட்டது. எங்கள் ராகி அப்போதுதான் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு அறுத்தார்கள். கால் நனைய நனைய, அவரவர் பாதியை அவரவர். பெரியப்பா மகனின் டெம்போவில் இரண்டு பக்கத்துக் கதிரும் ஏறியது உண்மை. தண்ணீர் வரப்பைத் தாண்டியதும் தம்பியின் கட்டுகளை அவர்தான் தூக்கி ஏற்றினார். மறுநாளிலிருந்து மறுபடி பேச்சில்லை. இன்றைக்கும் இல்லை. டெல்டாவில் அந்த வாரம் சனங்கள் மதகில் பூ தூவினார்கள். நாவலில் அந்தப் பேத்தி போனில் அழுகிறாள், சந்தோஷத்தில். இந்தப் பக்கம் அவள் அம்மா ஈரக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிக்கொண்டே “நல்லதுதான் கண்ணு, நல்லதுதான்” என்கிறாள்.

அத்தைக்கு ஆளுக்கு ஒரு மூட்டை வந்து சேர்ந்தது. தம்பி கொண்டுபோன மூட்டை முளைகட்டிப் போயிருந்தது, பெரியப்பா மகனுடையது நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டையும் அத்தை தனித்தனியாகத்தான் வைத்திருந்தார், கலக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

2025 ஜூன் 29 அன்று அணை மறுபடி நிறைந்தது. நான் இப்போது 96 அடி அத்தியாயத்தில் இருக்கிறேன், ஏறுகிற தண்ணீரில். அதில் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும்: நனைந்த ராகிக் கதிரை உடனே அடிக்காமல் போரில் போட்டு மூடினால் எத்தனை நாளில் முளைக்கும், உள்ளே கை வைத்தால் சூடு எப்படி இருக்கும். பெரியம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் பேச்சில்லை என்றாலும் ராகியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகிறேன்.